பழுப்பு தானாகத் திரும்பி வருமா? ஆடைப் போக்குகளின் எழுவாயைத் தேடி ஒரு கேள்வி

தஞ்சைத் தமிழாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆடை அலங்கார உலகத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. பள்ளிக்கு உடுத்திச் சென்ற பருத்திச் சேலைகளையே இன்றும் உடுத்துகிறேன். என் மகள் ஒரு பெண்கள் இதழின் இணையப் பக்கத்துக்கு ஆடைப் போக்குகளைப் பற்றி எழுதும் பணியில் சேர்ந்திருக்கிறாள். அனுப்புவதற்கு முன் சந்திப்பிழை பார்த்துத் தரும்படி அவள் கேட்டுக்கொண்டதால், கடந்த எட்டு மாதங்களாக அவளுடைய கட்டுரைகளையும், அவற்றுக்கு ஆதாரமாக அவள் வைத்துக்கொள்ளும் நியூயார்க், லண்டன், பாரிஸ் நகரத்து இதழ்களின் கட்டுரைகளையும் வரி விடாமல் படித்து வருகிறேன்.

படிக்கப் படிக்கச் சந்தியை விட்டுவிட்டு என் கண் வேறோர் இடத்தில் நிற்கத் தொடங்கியது. "பழுப்பு திரும்பி வந்துவிட்டது", "ஒட்டிய ஜீன்ஸ் விடைபெற்றது", "அகன்ற கால்சட்டை இந்தப் பருவத்தை ஆள்கிறது" என்றே எல்லாக் கட்டுரைகளும் பேசுகின்றன. எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் நிறமும் துணியும் நிற்கின்றன, ஆள் ஒருவரும் இல்லை. கருத்தா, அதாவது செயலைச் செய்பவர், இருவகைப்படும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்றால் கரிகாலன் ஏவுதற் கருத்தா. கல்லைச் சுமந்து வந்து ஆற்றில் இறக்கியவர்கள் இயற்றுதற் கருத்தா. மகளின் கட்டுரைகளில் ஏவியவரையும் காணவில்லை, இயற்றியவரையும் காணவில்லை. பழுப்பு எந்த ஊருக்குப் போயிருந்தது, அதை அழைத்து வந்தவர் யார் என்று நான் கேட்டபோது, "அம்மா, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அது என் கேள்விக்கு விடையாகவில்லை.

பழுப்பையே எடுத்துக்கொள்கிறேன். நிறங்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் அமெரிக்காவின் பாண்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில், அடுத்த ஆண்டின் நிறம் "மோக்கா மூஸ்" என்ற பழுப்பு என்று அறிவித்தது. அதற்கு 17-1230 என்று ஓர் எண்ணும் உண்டு. 2000ஆம் ஆண்டுக்கு வான்நீலத்தை அறிவித்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்நிறுவனம் இப்படி அறிவித்து வருகிறது; 2026க்கு மேகத்தின் பெயர் சூட்டிய ஒரு வெள்ளை. அறிவிப்பு வெளியான ஒரு வாரத்துக்குள் என் மகளின் மேசையில் பழுப்புக் கைப்பை, பழுப்புக் காலணி, பழுப்பு நிறச் சுவர் என்று பத்துக் கட்டுரைகளுக்கான குறிப்புகள் வந்து சேர்ந்தன. ஒரு வாரத்தில் இத்தனை பொருள்களை எவராலும் செய்து முடித்திருக்க இயலாது. அப்படியானால் அறிவிப்புக்கு முன்பே அவை செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இத்துறையில் இருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். இந்த முடிவுகளை உண்மையில் எடுப்பவர் யார்? எவ்வளவு காலத்துக்கு முன் எடுக்கிறார்கள்? இதழ்கள் ஒன்றை அறிவித்து, மக்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்ட நிகழ்வு எப்போதாவது உண்டா? குற்றம் காணும் நோக்கத்தில் நான் கேட்கவில்லை. என் மகள் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்ற கவலையில் கேட்கிறேன்.

நொய்யல் கரையான் எழுதியது:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். பையர் என்று நாங்கள் சொல்லும், ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாருக்கும் எங்கள் தொழிற்கூடத்துக்கும் நடுவே நின்று, அவர் கேட்ட ஆடை அவர் கேட்ட நாளில் கப்பலேற வேண்டும் என்பதற்குப் பொறுப்பேற்பவன் மெர்ச்சண்டைசர். உங்களுடைய முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நிறத்தைப் பற்றிய பேச்சு, ஆடை கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1963இல் உருவான இன்டர்கலர் என்ற அமைப்பில் பல நாடுகளின் நிறக் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, வரவிருக்கும் பருவத்துக்கான நிறத் தொகுப்பைப் பேசி முடிக்கின்றன. லண்டனில் 1998இல் தொடங்கிய டபிள்யூ.ஜி.எஸ்.என். போன்ற முன்கணிப்பு நிறுவனங்கள், சந்தா கட்டும் ஆடை நிறுவனங்களுக்கு நிறம், துணி, வடிவம் பற்றிய கணிப்புகளை விற்கின்றன. அதன் பிறகு நூல் கண்காட்சிகளும் துணிக் கண்காட்சிகளும் நடக்கின்றன. பாரிஸில் நடக்கும் பிரீமியர் விஷன், 1973இல் லியோன் நகரத்து நெசவாலைகள் பதினைந்து சேர்ந்து தொடங்கியது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பையரின் வடிவமைப்புக் குழு தன் நிறங்களை உறுதி செய்கிறது. ஆடையின் வடிவம், அளவு, துணி, நிறம் எல்லாம் குறித்த டெக் பேக் எங்களுக்கு வரும்போது, கடைக்கு ஆடை போக ஆறேழு மாதங்களாவது இருக்கும்.

அந்த டெக் பேக்கில் நிறத்துக்குப் பெயர் இருந்தாலும் நாங்கள் பார்ப்பது எண்ணைத்தான். எண்ணுக்குரிய துணித் துண்டை வைத்துக்கொண்டு, சாயப்பட்டறையின் சாய மாஸ்டர் அதற்கு நெருக்கமான ஷேடுகளை ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப்புகளாக, அதாவது சாயமிட்ட மாதிரித் துண்டுகளாகப் போட்டுத் தருவார். அவற்றை லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒப்பான விளக்கிலும் கடைகளில் எரியும் விளக்கிலும் பார்ப்போம். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறம் மற்றொன்றில் சற்றுச் சிவந்துவிடும். கூரியரில் அனுப்பினால் சில நாள்களில் "பி சரி" என்று பதில் வரும், அல்லது "மூன்றும் சரியில்லை, இன்னும் கொஞ்சம் மஞ்சள் குறையட்டும்" என்று வரும். ஒரு பழுப்புக்காக ஐந்து முறை லேப் டிப் அனுப்பியிருக்கிறேன். ஆகவே, இதழில் "பழுப்பு வந்துவிட்டது" என்று அச்சாகும் நாளில், அந்தப் பழுப்பைப் பார்த்துப் பார்த்து எங்கள் சாய மாஸ்டருக்குச் சலித்தே போயிருக்கும்.

இதில் எவரும் ஒளிந்திருந்து சதி செய்வதாக நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்து நான் புரிந்துகொண்டது, இதை நகர்த்துவது அச்சம் என்பதுதான். ஒரு பையர் எல்லாரும் பழுப்பு வாங்கும்போது தானும் பழுப்பு வாங்கி, அது விற்காமல் போனால், சந்தை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தனியாகப் பச்சை வாங்கி அது தேங்கிவிட்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து. அதனால் எல்லாரும் ஒரே கணிப்பை வாங்குகிறார்கள், எல்லாரும் ஒரே கணிப்பை வாங்குவதால் கணிப்பு பலிக்கிறது. வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று பையர்கள், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே வாரத்தில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத மூன்று பழுப்புகளைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறத்தின் முடிவு எங்கோ எடுக்கப்பட்டாலும் அதன் தண்ணீர் எங்கள் ஊரில்தான் ஓடுகிறது. பருத்திக்கு ரியாக்டிவ் என்ற வகைச் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும்; ஷேடு அடர்த்தியாகும்போது உப்பும் கூடும், அலசும் முறையும் கூடும். எங்கள் ஊர் ஆறான நொய்யலில் கலந்த சாயக் கழிவின் காரணமாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள்களை நாங்கள் மறக்கவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் மீண்டும் ஓடின. நீரைச் சுத்திகரித்த பின் எஞ்சும் உப்புச் சேறு இன்றும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வெள்ளை என்றால் இந்தத் தொல்லை இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம், பளிச்சென்ற வெள்ளைக்குத் துணியைப் பெராக்சைடில் வெளுத்தாக வேண்டும். "அடர் நிறங்கள் ஆட்சி செய்கின்றன" என்று ஒரு வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த மூட்டைகள் நினைவுக்கு வருகின்றன. உங்கள் மகளின் கட்டுரையில் இதற்கு ஒரு வாக்கியம் இடம் கிடைத்தால் மகிழ்வேன்.

பழைய ஏடு எழுதியது:

ஆசிரியை அம்மா கேட்ட மூன்றாவது கேள்வி என் மனத்துக்கு நெருக்கமானது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பருவ இதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடை வரலாற்றை என் விருப்பத்துக்காகப் படிப்பவன். மக்கள் மறுத்த நிகழ்வு உண்டு. ஆனால் அதன் முழுப் பொருள் புரிய வேண்டுமானால், மறுப்பைத் தாண்டி வென்ற ஒரு நிகழ்வையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வென்றது 1947இல் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் ஆடைத் தொகுப்பைக் காட்டினார். போர்க்காலத்தில் துணியை மிச்சம் பிடித்துத் தைத்த குட்டைப் பாவாடைகளுக்கும் அகன்ற தோள்களுக்கும் பதிலாக, இறுக்கிய இடையும் கெண்டைக்கால் வரை விரிந்து இறங்கும் பாவாடையும் அதில் இருந்தன. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அதை "நியூ லுக்" என்று குறிப்பிட, அந்தப் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தவர் இதழாசிரியர் என்பதால் அவரையே ஏவுதற் கருத்தா என்று கொள்ளத் தோன்றும். ஆனால் டியோரின் நிறுவனத்துக்குப் பணம் போட்டவர் யார் என்று பார்த்தால் மார்செல் புசாக் என்ற பெயர் வருகிறது. அவர் பிரான்சின் மிகப் பெரிய பருத்தித் துணி உற்பத்தியாளர். பாவாடை நீளமாகவும் அகலமாகவும் ஆக ஆகத் துணி கூடுதலாக விற்கும். நீளப் பாவாடை தைக்கச் சொல்லி அவர் கட்டளையிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன், டியோரின் கலையுணர்வை அப்படிச் சுருக்கிவிடுவது நியாயமில்லை. ஆயினும் அந்தக் காலத்து இதழ்க் கட்டுரைகளில் டியோரின் பெயர் இருக்கும் அளவுக்குப் புசாக்கின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிரிட்டனில் ஆடைக்கான பங்கீட்டு முறை 1941இலிருந்து 1949 வரை நடைமுறையில் இருந்தது. கூப்பன் கொடுத்துத் துணி வாங்கிய நாட்டில் இத்தனை துணியைப் பாவாடைக்குச் செலவிடுவதா என்று அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் கடிந்துகொண்டார். அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெண்கள் "முழங்காலுக்குச் சற்றுக் கீழே" என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கி, பாவாடையின் நீளம் அதற்கு மேல் இறங்கக் கூடாது என்று போராடினார்கள். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் நீளப் பாவாடை எங்கும் பரவிவிட்டது.

தோற்றது 1970இல் நடந்தது. ஆடைத் தொழிலின் நாளேடாகிய விமன்ஸ் வேர் டெய்லியை நடத்திய ஜான் ஃபேர்சைல்ட், குட்டைப் பாவாடையின் காலம் முடிந்தது, இனிக் கெண்டைக்கால் வரை இறங்கும் மிடிதான் என்று இதழ் தவறாமல் எழுதினார். பெரிய கடைகள் அதை நம்பி மிடியை வாங்கி அடுக்கின. விற்பனைப் பெண்களே மிடி உடுத்தி நிற்க வேண்டும் என்று விதித்த கடைகளும் உண்டு. பெண்கள் வாங்கவில்லை. வடிவமைப்பாளர்களின் கட்டளையை எதிர்ப்போம் என்று குழுக்கள் அமைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பழைய குட்டைப் பாவாடையையே தொடர்ந்து உடுத்தினார்கள், அல்லது கால்சட்டைக்கு மாறினார்கள். மிடி கடைகளிலேயே தேங்கியது.

இரண்டிலும் அறிவிப்பின் குரல் ஒன்றுதான். பாவாடையின் நீளமும் ஏறத்தாழ ஒன்றுதான். 1947இல் ஐரோப்பியப் பெண்களுக்கு ஏழெட்டு ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு நிறைவான துணியைத் தொட்டுப் பார்க்கும் ஏக்கம் இருந்தது, டியோர் அந்த ஏக்கத்தைக் கண்டுகொண்டார். 1970இல் பெண்கள் வேலைக்குப் போகக் கால்சட்டை உடுத்தலாம் என்ற புதிய வழி திறந்துகொண்டிருந்தது, இதழ் அதைப் பார்க்காமல் பாவாடையின் ஓரத்தையே அளந்துகொண்டிருந்தது. இது என் கணிப்பு மட்டுமே. மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றைப் பிடிக்கும்போது இதழின் சொல் பலிக்கிறது என்று நான் நம்புகிறேன். மகளுக்கு உதவக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. 1970ஆம் ஆண்டின் இதழ்களைப் புரட்டினால் "மிடி வந்துவிட்டது" என்று இறந்தகாலத்தில்தான் எழுதியிருப்பார்கள். வராத ஒன்றை வந்துவிட்டது என்று எழுதினார்கள்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரன் எழுதியது:

இதழ் ஒன்று குறையை நிறையாக மாற்றிய கதை ஒன்று நம் ஊர்த் துணியைப் பற்றியே உண்டு என்பதால் அதையும் இங்கே வைக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக 1730களில் ஆங்கிலேயக் கம்பெனியார் உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். தறிச் சத்தம் கேட்டு நான் வளரவில்லை, ஆனால் தாத்தா சொன்ன தறிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தேன்.

நாம் லுங்கியில் பார்க்கும் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அமெரிக்காவில் "மெட்ராஸ்" என்றே பெயர். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் அத்துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கிப் போனார். பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இதே நாயர்தான். தாவரச் சாயம் ஏற்றிய துணி அது, குளிர்ந்த நீரில் மென்மையாக அலசவில்லை என்றால் சாயம் போகும். நாயர் தாமே பின்னாளில் கூறிய வரலாற்றின்படி, இந்த எச்சரிக்கை அமெரிக்கக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகவும் கோட்டாகவும் வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைக்க, ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் ஊறி, கூடத் துவைத்த துணிகளிலும் ஏறிவிட்டது. வழக்குத் தொடுக்கும் அளவுக்குச் சினம் மூண்டது. அப்போது செவன்டீன் என்ற இதழில் நாயரின் நேர்காணல் ஏற்பாடாயிற்று. சாயம் கசிவதுதான் இந்தியக் கைத்தறியின் அற்புதம், ஒவ்வொரு சலவைக்கும் நிறம் புதிதாகக் கலந்துகொள்ளும் என்று கட்டுரை வெளியானது. அதன் பிறகு சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தந்து விற்றார்கள், சாயம் போகாத துணி போலி என்று மக்கள் கருதும் நிலைகூட வந்தது.

இந்தக் கதையைப் பலரும் விளம்பரத்தின் வெற்றி என்று சொல்லிப் பாராட்டுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இந்தத் துணியைத் தண்ணீரில் எப்படி அலச வேண்டும் என்று நெய்தவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவு கடல் கடக்கும்போது வழியில் உதிர்ந்து, இதழின் பக்கத்தில் அற்புதம் என்ற வேடத்தில் வந்து நிற்கிறது. ஆசிரியை அம்மா தேடும் இயற்றுதற் கருத்தா உதிர்ந்த இடமும் அதுவே என்று தோன்றுகிறது.

இதழே இல்லாமல் ஒரு போக்கு உருவாகி நூறாண்டுக்கு மேல் நிலைத்ததற்கும் இதே துணி சான்று. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கி, அதிலிருந்து சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்து, புதிய கோலங்கள் தெரியும்படி செய்துகொள்கிறார்கள். பெலேடெ பிடெ என்று அதற்குப் பெயர். குழந்தையை முதன்முதலில் போர்த்துவதிலிருந்து இறந்தவரின் கட்டிலை அலங்கரிப்பது வரை அவர்கள் வாழ்வில் நம் ஊர்த் துணிக்கு இடம் உண்டு. எந்த ஆசிரியரும் அதற்குப் பருவம் குறிக்கவில்லை.

திண்டுக்கல் தையற்பள்ளி எழுதியது:

எல்லாரும் நல்ல செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் நான் ஆசிரியை அம்மாவோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பெண்கள் இதழில் வந்த படத்தைக் கத்தரித்து எடுத்து வந்தார்கள், இப்போது கைப்பேசியில் காட்டுகிறார்கள். அந்தப் படம் அவர்களுக்குத் தரும் துணிவை வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் உணர முடியாது. ரவிக்கையின் கையை முழங்கை வரை வைக்க வேண்டும் என்று விரும்பும் பெண், வீட்டில் பாட்டியிடம் "எனக்கு ஆசை" என்று சொன்னால் மறுப்பு வரும். "இப்போது இதுதான் வந்திருக்கிறது" என்று சொன்னால் பாட்டியும் ஒப்புக்கொள்வார். எழுவாய் இல்லாத அந்த வாக்கியம் அவளுக்குக் குடையாக இருக்கிறது. எவரும் முடிவு செய்யாததுபோல் இருப்பதால்தான் அவளால் அதற்குள் ஒதுங்க முடிகிறது.

எண்பதுகளின் நடுவில் நடிகை நதியா அணிந்ததைப் பார்த்து ஊர் ஊராக நதியா கம்மலும் நதியா வளையலும் விற்றன. நான் அப்போது பள்ளி மாணவி. அந்த வளையலை வாங்கித் தந்த அத்தையின் முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அதைச் செய்தவர் யார் என்று அப்போது நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அந்த மகிழ்ச்சி பொய் என்று எவரும் சொன்னால் ஏற்க மாட்டேன்.

என் கவலை வேறு. பஃப் கை பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கான வெட்டு அளவு வரைந்த காகித டிராஃப்டை நான் எறிவதே இல்லை. முன்பெல்லாம் ரவிக்கை தைத்தால் பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விடுவோம். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம், தங்கைக்குக் கொடுத்தால் பிடித்துத் தரலாம், கையை மட்டும் மாற்றிப் புதிய மோஸ்தருக்குக் கொண்டுவரலாம். இப்போது பழுது பார்க்கக் கொண்டுவரும் ஆயத்த ஆடைகளைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே கால் அங்குலத்துக்கு மேல் இருப்பதில்லை, அதையும் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் தையல் போட்டு வெட்டிவிடுகிறார்கள். பிரித்துவிடத் துணியே இல்லை. இந்த ஆடையை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தைக்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். எந்த இதழும் ஆடையின் உட்புறத்தைப் படம் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் ஒருமுறை உட்புறத்தையும் படம் எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தஞ்சைத் தமிழாசிரியை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. மூன்று நாளாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன், மகளுக்கும் படித்துக் காட்டினேன்.

முதலில் தையற்பள்ளி அம்மாவுக்கு. குடை என்று நீங்கள் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மழை வந்தது, பொழுது விடிந்தது என்று நாமும் சொல்கிறோம், அங்கே எவரும் கருத்தாவைத் தேடுவதில்லை. உடுத்துபவள் தன் ஆசைக்கு ஒதுங்க இடம் தேடி அப்படிச் சொல்வதை இனி நான் திருத்த மாட்டேன். ஆனால் எழுதுபவருக்கு அந்தக் குடை தேவையில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன், அவர் நனையாமல் நின்றுதான் எழுதுகிறார்.

மகள் தானாகவே ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னாள். 2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் காட்டிய ஆண்கள் ஆடைத் தொகுப்பில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற காலணிகள் இருந்தன. நிறுவனத்தின் குறிப்பில் அவை தோல் செருப்பு என்று மட்டுமே இருந்தன. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அந்தச் செருப்பைச் செய்பவர்களுக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எதிர்ப்பு எழுந்த பிறகே, இந்தியாவின் மரபுக் காலணியிலிருந்து அந்த வடிவம் பிறந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வாரத்தில் மகள் எழுதிய கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். "மிலானில் தோல் செருப்பு அறிமுகமானது" என்று அவளும் எழுதியிருந்தாள், நானும் சந்தி பார்த்துத் தந்திருந்தேன். எனக்கும் அது கண்ணில் படவில்லை. அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நேற்று அவள் அடுத்த கட்டுரையைத் தொடங்கினாள். முதல் வாக்கியத்தை இருவரும் சேர்ந்து மாற்றி மாற்றி எழுதினோம். "இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறக் குழுக்கள் தேர்ந்தெடுத்து, கணிப்பு நிறுவனங்கள் விற்று, ஆடை நிறுவனங்கள் வாங்கி, திருப்பூரில் சாயமிட்ட பழுப்பு இந்த மாதம் கடைகளுக்கு வருகிறது" என்று அது வந்து நின்றிருக்கிறது. வாக்கியம் நீளம், ஆசிரியர் குழு வெட்டும் என்கிறாள். வெட்டினால் எதை வெட்டுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். நொய்யல் கரையார் அவர்களே, உங்கள் சாய மாஸ்டர் இசைந்தால் அவருடைய பெயரையே எழுதிவிட விரும்புகிறாள். ஆளின் பெயர் இருந்தால் வெட்டுவதற்குக் கை கொஞ்சம் தயங்கும் என்பது அவள் எண்ணம். கேட்டுச் சொல்ல முடியுமா?

நொய்யல் கரையான் எழுதியது:

இன்று காலை பட்டறைக்குப் போனபோது கேட்டேன் அம்மா. அந்த வாக்கியத்தை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டினேன். நிறக் குழு என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புதிய செய்தி; எண் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை ஆண்டுகளில் அவரிடம் எவரும் சொல்லியதில்லை, நானும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம், தன்னோடு நிற்கும் பதினொரு பேரையும் விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் போடுவது சரியாக இராது என்றார். "திருப்பூர்ச் சாயத் தொழிலாளர்கள்" என்று எழுதச் சொன்னார். பிறகு நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்து, கட்டுரையோடு படம் போடுவதாக இருந்தால் ஷேடு சரியாக வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரையில் அந்தப் பழுப்பு சற்றுச் சிவப்பாகத் தெரியுமாம், அது அவர் போட்ட நிறம் இல்லையாம்.